கழக்கூட்டத்தில் இடி, நியூஜெர்சியில் மணி

காலை ஆறரைக்கு என் போன் விடாமல் சிணுங்கினால் வீட்டம்மா கேட்பது ஒன்றுதான்: "உங்க திருவனந்தபுரத்துல இடியா?" பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். சித்திரை, வைகாசியிலும் ஐப்பசியிலும் கேரளத்தில் மத்தியானத்துக்கு மேல்தான் இடிமழை கட்டும். அங்கே மாலை நான்கு என்றால் இங்கே அப்போது காலை ஆறரை.

நான் பார்த்துக்கொள்ளும் ஸ்விட்சுகள் கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் இருக்கின்றன. 1990-ல் தொடங்கிய, இந்தியாவின் முதல் டெக்னாலஜி பார்க். இந்தப் பக்கம் வருவதற்கு முன் அங்கேதான் ஐந்து வருடம் வேலை. சனிக்கிழமையானால் பஸ் பிடித்து நாகர்கோவில் போய்விடுவேன். (1956 வரை நாங்களும் திருவிதாங்கூர்க்காரர்கள்தானே!)

ஸ்விட்ச் என்றதும் லைட் ஸ்விட்சை நினைக்காதீர்கள். ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று சேர்க்கிற பெட்டி. தனக்கு நேர்வதையெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கும். சிஸ்லாக் என்ற ஏற்பாட்டில் ஒவ்வொரு செய்திக்கும் 0 முதல் 7 வரை ஒரு எண். 0 என்றால் வீடு பற்றி எரிகிறது, 7 என்றால் வெட்டி அரட்டை. யாரோ லேப்டாப்பை மூடினால்கூட 'லிங்க் டவுன்' என்று கத்தும். அத்தனையையும் போனுக்கு அனுப்பினால் மூன்றாம் நாளே யாரும் பார்க்கமாட்டார்கள். அதனால் ஆட்கள் உட்காரும் போர்ட்டுகளை வாயடைத்துவிட்டு, ஸ்விட்சுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவே இருக்கிற அப்லிங்குகளுக்கு மட்டும் மணி அடிக்க வைத்திருக்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை. அந்த அலர்ட் யுடிபி-யில் வருகிறது. போய்ச் சேர்ந்ததா என்று திரும்பிக் கேட்காது. அறுந்துபோன ஒயர் வழியாக 'ஒயர் அறுந்துவிட்டது' என்று எப்படிச் சொல்லி அனுப்புவது? எனவே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நாமே போய் 'இருக்கியா' என்று கேட்கவேண்டும். போலிங் என்பார்கள். எங்க அம்மாவும் இந்த ரகம்தான். எப்போது கேட்டாலும் "நல்லாருக்கேன்"தான். பாத்ரூமில் வழுக்கி விழுந்த கதை பத்து நாள் கழித்து சித்தி வாயால்தான் தெரிந்தது. இப்போது தினமும் கூப்பிடுகிறேன். "ஆஜர் எடுக்க வந்துட்டான்" என்று அப்பா சலித்துக்கொள்கிறார்.

ஒரு ஐப்பசி மாலை, பக்கத்துக் கட்டிடத்து ஸ்விட்ச் நாலைந்து தடவை அப், டவுன் என்று துடித்துவிட்டு அடங்கிவிட்டது. கரண்ட் போனதா, போர்ட் கருகியதா, இங்கிருந்து சொல்லமுடியாது. ஷிப்டில் ஒரே ஒரு பையன், கொல்லத்துக்காரன். நடுவே திறந்தவெளி. கான்பரன்ஸ் காலில் வாடிக்கையாளர் தரப்பு மேலாளர், "யாராவது உடனே போய்ப் பாருங்கள்" என்று நச்சரிக்கிறார். பையன் தனியாக சாட்டில் கேட்கிறான்: "சாரே, ஞான் போட்டே?"

"வேண்டா. இடி நிக்கட்டும்" என்றேன். மேலாளரிடம், நாற்பது பேருக்கு நெட்வொர்க் இல்லை, அதற்காக ஒருவனை மின்னலில் நடக்கவிட முடியாது, அலர்ட்டை நான் ஏற்றுக்கொண்டதாக என் பெயரிலேயே பதிந்துகொள்ளுங்கள் என்றும் சொன்னேன். லைனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மேலிடத்துக்கு மெயில் போனது, அதற்குப் பதில் எழுதியது எல்லாம் தனிக்கதை.

முக்கால் மணி நேரம் கழித்து அவன் போனான். கன்சோலில் அப்டைம் 212 நாள் என்று காட்டியது. அப்படியென்றால் கரண்ட் போகவில்லை, பெட்டி அணையவே இல்லை. அப்லிங்க் போர்ட் மட்டும் கருகியிருந்தது. கட்டிடங்களுக்கு நடுவே யாரோ முன்பு செம்புக் கேபிள் இழுத்திருந்தார்கள். பக்கத்தில் இடி விழுந்தால் இரண்டு கட்டிடத்து எர்த்துக்கும் வோல்டேஜ் வித்தியாசம் வந்து, அந்தச் செம்பு வழியாகத்தான் கரண்ட் பாயும். வேறு போர்ட்டுக்கு மாற்றியதும் உயிர் வந்துவிட்டது.

அடுத்த மாதம் அந்த இடத்தில் ஃபைபர் போட்டார்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. பையன் இப்போது அபுதாபியில் இருக்கிறான். அங்கே மழையே இல்லை சாரே என்று போன வாரம் புலம்பினான்.