படம் திருத்திய பாடம்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது பெரியோர் வாக்கு. தமிழ் வகுப்பில் இதன் பொருளைப் பலமுறை எழுதியிருக்கிறேன். ஆனால் அது உண்மையிலேயே எனக்கு விளங்கியது, சென்ற கோடை விடுமுறையில் அப்பாவின் கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருந்தபோதுதான். அந்த அனுபவத்தை என் அருமைத் தோழியருக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் அப்பத்தா திருமங்கலத்தை அடுத்த கிராமத்தில் மல்லிகைத் தோட்டத்தில் பாடுபட்டவர். அவர் மறைந்து ஓராண்டு நிறையவிருந்தது. நினைவு நாளன்று கூடத்தில் மாட்டுவதற்கு ஒரு படம் வேண்டும். அப்பத்தாவோ, காமிராவைக் கண்டாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்பவர். தேடியதில் பெற்றோரின் திருமண ஆல்பத்தில் ஒரே ஒரு படம் கிடைத்தது. அதுவும் நிறம் மங்கிச் செம்மை படர்ந்திருந்தது. "நான் சரி செய்து தருகிறேன், அப்பா" என்று துணிந்து முன்வந்தேன்.

முதல் வேலை, பழைய படத்தைக் கைப்பேசியில் படமெடுப்பது. ஆல்பத்தின் பிளாஸ்டிக் தாளோடு எடுத்தபோது வெளிச்சம் பட்டுப் பளபளத்தது. ஆகவே படத்தை மெல்ல வெளியே எடுத்து, காலை வேளையில் திண்ணை நிழலில் கிடத்தினேன். ஃபிளாஷை அணைத்துவிட்டு, கைப்பேசியைப் படத்துக்கு நேர் மேலே சாயாமல் பிடித்தேன். சாய்த்துப் பிடித்தால் செவ்வகம் சரிவகமாகிவிடும். கணக்குப் பாடம் இங்கேயும் உதவியது!

பிறகு கூகுள் நிறுவனம் இலவசமாகத் தரும் ஸ்னாப்சீட் என்னும் செயலியில் படத்தைத் திறந்தேன். அதில் பல கருவிகள் உண்டு. 'கிராப்' என்பது வேண்டாத ஓரங்களை வெட்டும். 'ரொட்டேட்' சாய்ந்த படத்தை நிமிர்த்தும். 'ஒயிட் பேலன்ஸ்' நிறங்களின் சமநிலையைச் சீராக்கும். அதனால் அப்பத்தாவின் சேலை மீண்டும் பச்சையாயிற்று. 'டியூன் இமேஜ்' என்பதில் வெளிச்சத்தையும் நிழலையும் கூட்டலாம், குறைக்கலாம். 'ஹீலிங்' என்ற கருவியால் ஒரு புள்ளியைத் தொட்டால், பக்கத்திலுள்ள நிறத்தைக் கொண்டு அது அந்த இடத்தை நிரப்பிவிடும். படத்தில் விழுந்திருந்த பூஞ்சைக் கறைகளை அப்படியே நீக்கினேன்.

இத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. கறைகளைத் தொட்ட விரல், அப்பத்தாவின் இடப்புருவத்துக்கு மேலிருந்த தழும்பையும் தொட்டது. தழும்பு மறைந்தது. கன்னத்துச் சுருக்கங்களும் மறைந்தன. வெளிச்சத்தை மேலும் கூட்டினேன். வெயிலில் கறுத்த முகம் வெளுத்தது. "அப்பத்தா எவ்வளவு அழகு!" என்று பெருமையுடன் அப்பாவிடம் காட்டினேன்.

அப்பா நெடுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "படம் பளிச்சுன்னு இருக்கு பாப்பா. ஆனா எங்க ஆத்தா எங்கே?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. அன்றுதான் அந்தத் தழும்பின் கதையை அப்பா சொன்னார். அவர் பத்தாம் வகுப்பில் படித்தபோது, தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டிய நாள் அது. விடியுமுன் மொட்டுப் பறித்துக் கூடையைத் தலையில் சுமந்து வந்த அப்பத்தா, கிணற்று மேட்டில் கால் இடறி விழுந்தாராம். நெற்றியில் இரத்தம் வழிய, முந்தானையைக் கிழித்துக் கட்டிக்கொண்டு, சிதறிய மொட்டுக்களைப் பொறுக்கி எடுத்து, முதல் பஸ்ஸில் மதுரைப் பூச்சந்தைக்குப் போனாராம். மல்லிகை மொட்டு நமக்காகக் காத்திருக்காது. மலர்ந்துவிட்டால் விலை போகாது. அன்றே கட்டணம் கட்டியாயிற்று. காயத்துக்குத் தையல் போடத்தான் நேரமில்லை.

பதினைந்து ஆண்டுகள் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன். ஒருநாளும் அந்தத் தழும்பைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்காமலே அழித்துவிட்டேன்.

பள்ளி திறந்ததும் இதை எங்கள் வரலாற்று ஆசிரியையிடம் கூறினேன். அவர் சிரித்துவிட்டு, படம் திருத்துவது கைப்பேசியோடு வந்ததன்று என்றார். 1858-ஆம் ஆண்டு லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி மதுரைக்கு வந்து, மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் விளக்குத்தூணையும் படம் பிடித்தாராம். அவர் பயன்படுத்திய நெகட்டிவ் காகிதத்தால் ஆனது. அதில் பூசிய மருந்து நீல ஒளியை மிகுதியாக ஏற்றதால், வானம் ஒன்றுமில்லாத வெறும் வெளியாகவே விழும். ஆகவே அவர் நெகட்டிவின் மேலேயே வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்குவாராம்! ஆனால் மகாலின் சிதைவுகளை அவர் மறைக்கவில்லை. பின்னாளில் ஆளுநர் நேப்பியர் பிரபு அதைப் பழுதுபார்ப்பதற்கு முன் மகால் இருந்த நிலையை அப்படங்களில் இன்றும் காணலாம்.

கருவியின் குறையைத் திருத்துவது வேறு, காட்சியின் உண்மையை மாற்றுவது வேறு என்பது அப்போது எனக்குப் புரிந்தது. பூஞ்சைக் கறை காகிதத்தின் குறை. தழும்போ அப்பத்தாவினுடையது.

நல்லவேளையாக, மூலப்படத்தை அழிக்காமல் திருத்தியதைத் தனி நகலாகச் சேமித்திருந்தேன். சுவர் இருந்தது, சித்திரத்தை மீண்டும் எழுதினேன். இம்முறை நிறத்தைச் சீராக்கி, கறைகளை நீக்கி, நிழலைச் சிறிதே தெளிவாக்கி நிறுத்திக்கொண்டேன்.

தோழியரே! நீங்களும் படங்களைத் திருத்திப் பழகுங்கள். மூலத்தைப் பத்திரப்படுத்துங்கள். எதையும் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மிகுந்த வெளிச்சத்தில் முழுவதும் வெளுத்துப்போன இடத்தை எந்தக் கருவியும் மீட்டுத் தராது என்பதை மறவாதீர்கள். பிறர் முகத்தைத் தொடுமுன் அவர்களிடம் கேளுங்கள். உங்கள் முகத்தை வெளுப்பாக்குமுன் கண்ணாடியை ஒருமுறை அன்போடு பாருங்கள்.

நினைவு நாளன்று மதுரை மல்லிச் சரம் சூட்டிய படத்தின் முன் அப்பா நின்றார். ஒன்றும் பேசவில்லை. விரலால் அந்தத் தழும்பை ஒருமுறை தொட்டார். எனக்கு அது போதும்.