ரெண்டு நிமிஷம் போதாது பாஸ்!

நம்மள மாதிரி பசங்க சமையல் கத்துக்கிறதுக்கு மூணு காரணம் உண்டு. ஒண்ணு, ஹாஸ்டல் மெஸ் சாம்பார். ரெண்டு, வெளிநாட்டு வேலைக் கனவு. மூணு, வீட்டுல பசியோட காத்திருக்கிற வாண்டுங்க. நான் மூணாவது கட்சி!

எங்க வீடு திருவொற்றியூர் தேரடி பக்கம். பி.காம். ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். காலை ஷிப்ட் என்பதால மதியமே வீட்டுக்கு வந்துடுவேன். அக்கா எக்ஸ்போர்ட் கம்பெனியில தையல் வேலை பார்க்கிறா. திரும்பி வர ராத்திரி எட்டு மணி ஆயிடும். அக்கா வீட்டுக்காரர் கன்டெய்னர் லாரி ஓட்டுறார். துறைமுகத்துக்குப் போற லாரிங்க எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல எப்படி வரிசை கட்டி நிக்கும்னு நம்ம ஏரியா ஆளுங்களுக்குச் சொல்லவே வேணாம். அவர் எப்ப வீட்டுக்கு வருவார்னு அவருக்கே தெரியாது. ஆக, ஆறு வயசுப் பையன், நாலு வயசுப் பொண்ணு ரெண்டு பேருக்கும் சாயங்கால கார்டியன் நான்தான்.

நாலரை மணிக்கு ஸ்கூல் பையைத் தூக்கிப் போட்டதும் ஒரே கோஷம்தான்... "மாமா, நூடுல்ஸ்!"

பத்து, பதினஞ்சு ரூபாய் பாக்கெட். அக்கா வாரத்துக்கு ஆறு வாங்கி வெச்சிடுவா. இதுல அக்காவைக் குறை சொல்ல எதுவும் இல்லீங்க. பத்து மணி நேரம் மெஷின்ல உட்கார்ந்து எழுந்திருக்கிற ஒருத்திகிட்ட, 'காய் நறுக்கி வெச்சுட்டுப் போயேன்'னு கேட்கிறதுக்கு நமக்கு வாய் வருமா? அந்தப் பாக்கெட் அவளுக்கு ரெண்டு நிமிஷத்தைக் கொடுக்கலை, ஒரு மணி நேரத்தைக் கொடுத்துச்சு.

போன வருஷம் குட்டிப் பொண்ணு அடிக்கடி சோர்ந்து படுத்தா. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குச்சு. ஆரம்ப சுகாதார நிலையத்துல ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு டாக்டர் சொன்னாங்க, "ரத்தசோகை." இரும்புச்சத்து சிரப், பூச்சி மாத்திரை ரெண்டும் எழுதிக் கொடுத்தாங்க. அப்புறம், "டீ கொடுக்கிறீங்களா?"ன்னு கேட்டாங்க. டீயில இருக்கிற டானின், சாப்பாட்டுல இருக்கிற இரும்புச்சத்தை உடம்புல சேர விடாதாம். சாயங்காலம் டீயும் நூடுல்ஸும்தானே நம்ம ஏரியா குழந்தைங்களோட காம்பினேஷனே!

அன்னிக்கு ராத்திரி அக்கா சாப்பிடலை. "என் பொண்ணுக்கு நானே ஒழுங்கா ஆக்கிப் போடலையேடா"ன்னு ஒரே அழுகை. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. ஆனா ஒரு விஷயம் பின்னாடி தேடிப் பார்த்து தெரிஞ்சுக்கிட்டேன். 2019-21ல எடுத்த தேசிய குடும்பநல ஆய்வுப்படி, தமிழ்நாட்டுல அஞ்சு வயசுக்கு உட்பட்ட குழந்தைங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நூத்துக்கு அம்பத்தேழு! இது ஒரு அம்மாவோட தப்பா இருக்க முடியுமா, சொல்லுங்க?

சரி, பாக்கெட்டுக்குள்ள அப்படி என்னதான் இருக்கு? 1958ல ஜப்பான்ல மொமொஃபுகு ஆண்டோ என்பவர் இந்த இன்ஸ்டன்ட் நூடுல்ஸைக் கண்டுபிடிச்சார். மாவை இழையாக்கி, ஆவியில வேக வெச்சு, எண்ணெயில பொரிச்சிடுவாங்க. பொரியும்போது உள்ளே இருக்கிற தண்ணி ஆவியாகிப் போய், கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன ஓட்டையா விழும். நீங்க வெந்நீர் ஊத்தினதும் அந்த ஓட்டை வழியா தண்ணி புகுந்து மறுபடி மெத்துனு ஆயிடும். பிரமாதமான மூளைதான். ஆனா கையில மிஞ்சுறது பெரும்பாலும் மைதா, எண்ணெய், உப்பு.

உப்பு எவ்வளவுன்னு கண்டுபிடிக்க ஒரு கணக்கு சொல்றேன், காமர்ஸ் ஸ்டூடன்ட் ஆச்சே! பாக்கெட் பின்னாடி 'சோடியம்'னு ஒரு வரி இருக்கும். அதை இரண்டரையால பெருக்குங்க. 800 மில்லி கிராம்னு போட்டிருந்தா, 2 கிராம் உப்பு. பெரியவங்களே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாத்தான் சாப்பிடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. குழந்தைக்கு அதைவிடக் கம்மி. ஒரு சாயங்கால டிபன்லயே இவ்வளவு போனா, மீதி நாளைக்கு என்ன பண்றது?

"இனிமே நூடுல்ஸ் கிடையாது"ன்னு சட்டம் போட்டிருக்கலாம். ஆனா நாலு வயசு அரசியல்வாதிங்ககிட்ட சட்டம் செல்லாது பாஸ். உண்ணாவிரதம் இருப்பாங்க! அதனால நூடுல்ஸை விட்டுட்டு அதுக்குள்ள இருக்கிறதை மாத்தலாம்னு முடிவு பண்ணினேன். குரு யார் தெரியுமா? பக்கத்து வீட்டு பர்மா ஆயா.

வடசென்னைக்காரங்களுக்கு நூடுல்ஸ் ஒண்ணும் டி.வி. விளம்பரத்துல வந்தது இல்லை. பீச் ஸ்டேஷன் எதிர்ல, பர்மா பஜார் பக்கம் தள்ளுவண்டியில அத்தோ சாப்பிடாதவங்க யாராவது இருக்கீங்களா? 1962ல பர்மாவுல நே வின் தலைமையில ராணுவ ஆட்சி வந்துச்சு. அடுத்த ரெண்டு வருஷத்துல கடைகண்ணியெல்லாம் அரசுடைமை. தலைமுறை தலைமுறையா அங்கே பிழைச்ச தமிழங்க கையில கிடைச்சதோட கப்பல் ஏறி சென்னைத் துறைமுகத்துல இறங்கினாங்க. வியாசர்பாடி, எண்ணூர்னு குடியேறினாங்க. ஆயாவுக்கு அப்போ ஒன்பது வயசாம். "நகையை வாங்கிட்டு விட்டாங்க. நாக்கை வாங்க முடியலை, அதான் அத்தோ வந்துச்சு"ன்னு சிரிப்பாங்க.

ஆயா சொல்லித் தந்த ரகசியம் ரொம்ப சிம்பிள். அத்தோவுல மசாலா பாக்கெட் கிடையாது. ருசி எங்கேயிருந்து வருது? புளித்தண்ணி, பூண்டு எண்ணெய், பொரிச்ச வெங்காயம், வறுத்த கடலை மாவு. "புளிப்பும் வாசனையும் இருந்தா நாக்கு உப்பைத் தேடாது கண்ணு." ஒரு வரியில முடிஞ்சுது பாடம். நான் காரத்தைக் குறைச்சு, காயை ஏத்தி, 'குட்டி அத்தோ' ஆக்கிட்டேன்.

நாலு வாண்டுங்களுக்கு அளவு இதுதான். பொரிக்காத சாதா நூடுல்ஸ் 150 கிராம். கோதுமையில கிடைச்சா இன்னும் நல்லது. கேழ்வரகு சேமியாவும் ஓகே. 100 கிராம் கேழ்வரகுல 300 மில்லி கிராமுக்கு மேல கால்சியம் இருக்கு. ஆனா சேமியாவைத் தண்ணியில நனைச்சு ஆவியில வேக வைக்கணும், கொதிக்க விட்டா களி ஆயிடும்! ஒரு கேரட், எட்டு பீன்ஸ், ஒரு கைப்பிடி பட்டாணி, ஒரு கைப்பிடி முட்டைகோஸ், ஒரு பிடி முருங்கைக்கீரை, ரெண்டு முட்டை.

கடையில அத்தோவுக்குப் பச்சைக் கோஸ் போடுவாங்க. சின்னப் பசங்களுக்கு அது வேணாம். எல்லாக் காயையும் கழுவி, தீக்குச்சி மாதிரி மெல்லிசா நறுக்கி, ஆவியில அஞ்சு நிமிஷம் வேக விடுங்க. நாலு வயசுக்குக் கீழே இருந்தா இன்னும் பொடிசா நறுக்கி, பட்டாணியை நசுக்கி, நூடுல்ஸையும் ரெண்டு மூணா வெட்டிடுங்க. தொண்டையில மாட்டக் கூடாது. நூடுல்ஸை நல்லா கொதிக்கிற தண்ணியில முக்கால் பதம் வேக வெச்சு, வடிச்சு, பச்சைத் தண்ணி ஊத்தினா ஒட்டாது.

ரெண்டு ஸ்பூன் நல்லெண்ணெய்ல எட்டு பல் பூண்டைத் தட்டிப் போட்டு பொன்னிறமா வதக்குங்க. கொஞ்சம் மஞ்சள் தூள். கடை அத்தோவோட ஆரஞ்சு கலருக்கு நம்ம பதில் இதுதான்! அதுல கீரையையும் முட்டையையும் போட்டுக் கிளறி, நூடுல்ஸும் காயும் சேருங்க. மொத்தத்துக்கும் அரை டீஸ்பூன் உப்பு, ரெண்டு ஸ்பூன் பொட்டுக்கடலை மாவு, கொஞ்சம் மிளகு, சின்ன நெல்லிக்காய் அளவு புளியோட தண்ணி. அடுப்பை அணைச்சுட்டு அரை எலுமிச்சம்பழம் பிழிங்க. இது சும்மா ருசிக்கு மட்டும் இல்லை. எலுமிச்சையில இருக்கிற வைட்டமின் சி, கீரையோட இரும்புச்சத்து உடம்புல சேர்றதுக்கு உதவும். சோயா சாஸ் பக்கமே போகாதீங்க, அது பாட்டில்ல அடைச்ச உப்பு.

மொத்தம் அரை மணி நேரம்.

முதல் நாள் ரிசல்ட்? குட்டிப் பொண்ணு கேரட்டை ஒவ்வொண்ணா பொறுக்கி தட்டு ஓரமா காம்பவுண்ட் சுவர் கட்டினா. பெரியவன், "இது நூடுல்ஸே இல்லை"ன்னு தீர்ப்பு எழுதிட்டான். குழந்தைங்க ஒரு காயை ஏத்துக்க எட்டு, பத்து தடவைகூட ஆகும்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. அதனால திட்டலை, கெஞ்சலை. மறுநாளும் வெச்சேன். அதுக்கு மறுநாளும்.

திருப்பம் ஸ்கூல்ல இருந்து வந்துச்சு. பெரியவன் மாநகராட்சிப் பள்ளியில காலை உணவு சாப்பிடுறான். 2022 செப்டம்பர் 15ல தொடங்கின முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம். உப்புமா, கிச்சடி, கூடவே காய்கறி சாம்பார். நம்ம ஊருக்கு இது புதுசும் இல்லை. 1920லயே ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில மதிய உணவு போட்டாங்க. அப்போ மாநகராட்சித் தலைவரா இருந்தவர் சர் பிட்டி தியாகராயர். பழைய வண்ணாரப்பேட்டை காலேஜுக்கு அவர் பேர்தான். வீட்டுல கேரட்டைப் பார்த்தா ஓடுற எங்க பையன், ஸ்கூல்ல மட்டும் தட்டைக் காலி பண்றானாம்! "அங்க எல்லாரும் சாப்பிடுறாங்க மாமா."

அட, விஷயம் காய்ல இல்லை, கூட்டத்துல இருக்கு! மறுநாள்ல இருந்து எதிர் வீட்டு வாண்டுங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு வட்டமா உட்கார வெச்சேன். பெரியவனுக்கு பீன்ஸ் நார் உரிக்கிற டிபார்ட்மென்ட். குட்டிக்கு பட்டாணி. தான் உரிச்ச பட்டாணியை அவளே மத்தவங்களுக்கு விளம்பரம் பண்ண ஆரம்பிச்சுட்டா. காம்பவுண்ட் சுவர் கொஞ்சம் கொஞ்சமா இடிஞ்சுது.

தெருவுல கிண்டல் இல்லாமலா? "ஆம்பளப் புள்ள, கரண்டி பிடிச்சுட்டு நிக்கிறியேடா"ன்னு ஒரு பெரியம்மா. கேரம் போர்டு செட்டு என்னை 'நூடுல்ஸ் மாஸ்டர்'னு கூப்பிடுது. கூப்பிடட்டும். பீச் ஸ்டேஷன்ல அத்தோ பிசையிற அண்ணன்கிட்ட போய் இந்தக் கேள்வியை யாராவது கேட்பாங்களா? காசு வாங்கிட்டு சமைச்சா ஆம்பள வேலை, வீட்டுல சமைச்சா மட்டும் பொம்பள வேலையா? என்னங்க நியாயம் இது!

மூணு மாசம் கழிச்சு மறுபடி ரத்தப் பரிசோதனை. அளவு ஏறியிருந்துச்சு. அதுக்காக 'நூடுல்ஸால ரத்தம் ஊறிச்சு'ன்னு நான் பீலா விட மாட்டேன். ஏத்தினது டாக்டர் கொடுத்த சிரப்பும் மாத்திரையும்தான். ஏறினது மறுபடி இறங்காம பார்த்துக்கிறதுதான் நம்ம அடுப்போட வேலை. குழந்தை சோர்வா இருந்தா முதல்ல டாக்டர், அப்புறம்தான் கேரட்.

அக்கா இப்பவும் ஞாயித்துக்கிழமை ஒரு பாக்கெட் வாங்குறா. நானும் தடுக்கலை. அதுலயும் மசாலா பாதிதான், காய் ரெண்டு மடங்கு. ஆனா ஒண்ணு மாறிடுச்சு. அவ எட்டு மணிக்கு வரும்போது அவளுக்கும் ஒரு தட்டு மூடி வெச்சிருக்கோம். பத்து மணி நேரம் தைச்சுட்டு வர்றவளுக்கும் பசிக்கும்ங்கிறது எங்க யாருக்கும் அதுவரைக்கும் தோணினதே இல்லை.

உங்க வீட்டுலயும் ஒரு அக்காவோ அண்ணியோ வேலைக்குப் போய் ஓடிட்டு இருப்பாங்க. அறிவுரையெல்லாம் அவங்களுக்கு நிறையவே கிடைக்குது. அரை மணி நேரம்தான் கிடைக்கிறதில்லை. செல்போன்ல ரீல்ஸ் தள்ளுற நேரத்துல அது நம்மகிட்ட இருக்கு. வாரத்துல ஒரே ஒரு நாள் கேரட்டை நறுக்கிப் பாருங்க ஃப்ரெண்ட்ஸ். விரல் பத்திரம்!