கள்ளுக்கடை இருந்த இடம்

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் துரைமார் முன் வைத்த கோரிக்கைகளில் இரண்டு, இன்றைக்கு வாசித்தாலும் மனத்தை விட்டுப் போகாதவை. துரையோ கணக்கெழுதும் கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டிய வழக்கம் ஒழிய வேண்டும் என்பது ஒன்று. தோட்டத்துக் கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பது மற்றொன்று. கூலி உயர்வு, பிள்ளைகளுக்குப் படிப்பு, ஒழுங்கான மருத்துவம், பெண்களின் மானத்துக்குப் பாதுகாப்பு என்று நீண்ட பட்டியலில் இவையும் இடம்பெற்றன. குடிக்கிறவர்களே எழுந்து நின்று கடையை மூடு என்றார்கள். அந்தப் பட்டியலோடு முன்னால் நின்ற ஆர். எச். நாதன், கோலாலம்பூரில் வெளிவந்த தமிழ் நேசன் நாளிதழின் ஆசிரியர் குழுவில் வேலை பார்த்தவர்.

இலக்கியத்தையும் மதுவையும் ஒரே நாளில் ருசிக்க உலகில் பெயர் பெற்ற இடங்கள் உண்டு. பிரான்சின் போர்தோ பக்கம் போனால், மொந்தேன் உட்கார்ந்து கட்டுரைகள் எழுதிய கோபுரத்தில் ஏறலாம். உத்திரங்களில் அவர் எழுதி வைத்த கிரேக்க, லத்தீன் வாசகங்களை அண்ணாந்து பார்க்கலாம். கீழே இறங்கினால் அதே பண்ணையின் திராட்சை மது. மொந்தெஸ்கியூவின் லா பிரேத் கோட்டையும் நாவலாசிரியர் மோரியாக்கின் மலகார் வீடும் அந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. எழுதியவரும் திராட்சைத் தோட்டத்துக்கு உடைமைக்காரரும் அங்கே ஒரே ஆள். கிள்ளான் பள்ளத்தாக்கின் கதை வேறு. இங்கே மது தென்னம்பாளையில் இருந்தது. மரம் துரையுடையது. குடித்தவன் கூலி. எழுதப் படிக்கத் தெரிந்தவன் அந்தக் கூலியின் பக்கம் நின்று கடைக்கு எதிராக எழுதினான்.

கள்ளைப் பற்றித் தமிழ் இரண்டு மனத்தோடுதான் இருந்திருக்கிறது. ஔவை, அதியமான் தனக்கும் பாணருக்கும் கள்ளைப் பகிர்ந்து கொடுத்ததை நெஞ்சுருகிப் பாடினார். வள்ளுவர் 93-ஆம் அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கே ஒதுக்கினார். மலாயாவுக்குக் கப்பலேறிய தமிழன் இந்த இரண்டையும் சேர்த்தே சுமந்து வந்தான் என்று நினைக்கிறேன்.

இந்த வரலாற்றை ஒரே நாளில் நடந்து பார்க்க முடியும். காலையில் பிரிக்பீல்ட்ஸில் தொடங்கலாம். 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, ஊரைச் செங்கல்லால் கட்ட வேண்டும் என்று ஆங்கிலேய ரெசிடென்ட் சுவெட்டன்ஹாம் உத்தரவிட்டார். அதற்காகச் சூளைகள் எழுந்த இடம் இது. பின்னால் ரயில்வே பணிமனையும் குடியிருப்புகளும் வந்தன. தண்டவாளம் போட்டவர்கள் தமிழ்நாட்டுக் கூலிகள். கணக்கு எழுதியவர்களில் யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்கள் பலர். அவர்கள் வழியாக 1904-இல் தோன்றிய விவேகானந்தா ஆசிரமம் இன்றும் நிற்கிறது. ஆசிரமம் தமிழ்ப் பள்ளிகளையும் நடத்தியது. 2014-இல் அந்த நிலத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் கிளம்பியபோது, கட்டடத்தைக் காக்கச் சொல்லிப் பொதுமக்கள் குரல் கொடுத்தார்கள். 1915-இல் ரயில்வே ஊழியர்களுக்காகக் கட்டிய நூறு வீட்டுக் குடியிருப்புக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அதை இடித்துவிட்டார்கள். 2010-இல் திறக்கப்பட்ட லிட்டில் இந்தியாவின் வளைவும் வண்ணமும் பார்க்க அழகுதான். ஆனால் பழைய ஊரைத் தேடி வருகிறவர் ஆசிரமத்து வாசலில் கொஞ்ச நேரம் நிற்பது நல்லது.

தமிழ் நேசனுக்கு வருவோம். 1924-இல் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய பத்திரிகை அது. 2019 வரை வெளிவந்தது. மலேசியத் தமிழ் எழுத்தின் பெரும்பகுதி அதன் பக்கங்களில்தான் நடை பழகியது. 1950-ஐ ஒட்டி சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதில் கதை வகுப்பு நடத்தினார்கள். சிறுகதையை எப்படி எழுதுவது என்று நாளிதழே பாடம் சொல்லிக் கொடுத்தது. படித்தவர்கள் எழுதி அனுப்பினார்கள். 1952-இல் கு. அழகிரிசாமி ஆசிரியராக வந்து சேர்ந்தார். இடைசெவலில் பிறந்து சென்னையில் பெயர் வாங்கிய அந்தக் கதைக்காரர் 1957 வரை இங்கே இருந்தார். இளம் எழுத்தாளர்களைக் கூட்டி உட்கார வைத்து, கதைகளை வாசித்து அலசினார். மனம் நோகுமே என்று தரத்தை விட்டுக்கொடுக்கும் ஆள் அல்லர் அவர். அந்தக் கண்டிப்பு அன்றைய மலாயாத் தமிழ் எழுத்துக்கு மிகவும் தேவைப்பட்டது. 1966 ஏப்ரலில் தனிநாயகம் அடிகளின் முயற்சியால் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு மலாயாப் பல்கலைக்கழகத்தில் கூடியதும் பிரிக்பீல்ட்ஸுக்கு எட்டிய தூரத்தில்தான்.

அதே சுற்றில் துன் சம்பந்தன் மாளிகை இருக்கிறது. அதன் சோமா அரங்கத்தில் நடக்கும் நூல் வெளியீடுகளுக்குப் போகாத மலேசியத் தமிழ் எழுத்தாளர் இருக்க மாட்டார். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது, தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்கட்டும் என்று 1960-இல் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் மாளிகை அது. தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார்கள். கள்ளுக்கடைப் பக்கம் போகாமல் மிஞ்சிய காசும் அதில் இருந்திருக்கும். அந்தச் சேமிப்பு கட்டிய கூரையின் கீழ் இன்று தமிழ்ப் புத்தகம் வெளியாகிறது. இந்த உலாவில் இதைவிடப் பெரிய நினைவுச் சின்னம் வேறில்லை என்பேன்.

பழைய ரயில்வே நிலத்தில் 2001-இல் எழுந்த கேஎல் சென்ட்ரலில் கிள்ளான் துறைமுகம் போகும் கொமுட்டர் ஏறுங்கள். கோலாலம்பூரையும் கிள்ளான் பக்கத்தையும் இணைத்த ரயில் 1886-இல் ஓடத் தொடங்கியது. சன்னலோரம் உட்கார்ந்தால் ஒரு காலத்தில் இரு புறமும் ரப்பர் மரந்தான். சுபாங் ஜெயா நிற்பது சீபீல்டு தோட்டத்தில். ஷா ஆலாம் எழுந்தது சுங்கை ரெங்கம் தோட்டத்தில். லயத்து வீடு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம், ஆயாக்கொட்டகை, கோயில், தமிழ்ப் பள்ளி, கள்ளுக்கடை என்று ஒவ்வொரு தோட்டமும் தனி உலகமாக இருந்தது. இன்று அந்த இடங்களில் பேரங்காடியும் நெடுஞ்சாலையும். கோயிலும் பள்ளியும் போராடிச் சில இடங்களில் பிழைத்திருக்கின்றன. கள்ளுக்கடைக்காக யாரும் போராடவில்லை. போராடியிருக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் அது இருந்த இடமாவது தெரிய வேண்டும் அல்லவா?

கள் இறக்குவது நுட்பமான வேலை. விரியாத தென்னம்பாளையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, நாள் தவறாமல் மெல்லத் தட்டிப் பதப்படுத்த வேண்டும். பலமாகத் தட்டினால் பாளை நசுங்கிக் கெட்டுவிடும். தட்டாமல் விட்டால் சுரக்காது. பிறகு நுனியைச் சீவிக் கலயத்தைக் கட்டுவார்கள். காலையும் மாலையும் மரமேறி, வடிந்ததை இறக்கி, நுனியை மறுபடி மெல்லிய பட்டையாகச் சீவிவிட்டு வருவார்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது இனிப்பான பதநீர். தடவாவிட்டால் காற்றில் இருக்கும் ஈஸ்ட் அப்போதே வேலையைத் தொடங்கிவிடும். காலைக் கள்ளில் இனிப்பு நிற்கும்; சாயங்காலக் கள் புளித்து ஏறும்; அடுத்த நாள் அது காடிதான். திராட்சை மதுவை நிலவறையில் பூட்டி இருபது ஆண்டு வைக்கலாம், பேரனுக்கு எழுதி வைக்கலாம். கள்ளுக்கு ஆயுள் ஒரு நாள். மதுவை வைத்துக் கோட்டை கட்டிய குடும்பங்கள் போர்தோவில் இருப்பதற்கும், இங்கே ஒரு செங்கல்கூட மிஞ்சாததற்கும் இதுவும் ஒரு காரணம்.

தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லும் கள்ளுக்கடை எல்லாம் ஒரே சாயலில்தான் இருக்கிறது. தகரக் கூரை, கம்பி வலை அடித்த சன்னல், காசு கொடுக்கவும் மங்கு வாங்கவும் அதில் ஒரு சின்னத் திறப்பு. பால்வெட்டு முடிந்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் வெளியே மண் தரையில் குந்திக் குடிப்பார்கள். கடை நடந்தது அரசாங்க உரிமத்தோடும் நிர்வாகத்தின் மேற்பார்வையிலும். கடை லாபத்தைத் தொழிலாளர் நலனுக்கே செலவழிக்க வேண்டும் என்று விதி. கேட்க நல்ல ஏற்பாடாகத்தான் இருக்கும். யோசித்துப் பாருங்கள்: நலன் வேண்டுமானால் லாபம் வேண்டும், லாபம் வேண்டுமானால் குடிக்க வேண்டும். துரை தன் கையிலிருந்து கொடுக்க வேண்டிய வசதியைக் குடிகாரன் பையிலிருந்து எடுத்தே கொடுத்தார்கள். கொடுத்த கூலியில் ஒரு பங்கு சாயங்காலமே தோட்டத்துக் கணக்குக்குத் திரும்பியது. தொழிலாளி குடிக்க வெளியூருக்கு அலைய வேண்டியதில்லை, மறுநாள் பெரட்டுக்கு ஆள் இருக்கும்.

இதை எதிர்த்துப் பேசியவர்கள் பல திசையிலிருந்து வந்தார்கள். கள்ளுக்கு எதிராகத் தன் தோப்புத் தென்னைகளை வெட்டிச் சாய்த்த பெரியார் 1929 டிசம்பரில் மலாயா வந்தார். அந்தப் பயணத்துக்குப் பின் சீர்திருத்தச் சங்கங்கள் வேர் விட்டன. இன்னொரு பக்கம் காந்தியின் மதுவிலக்கு. சுயமரியாதைக்காரரும் காங்கிரஸ்காரரும் ஊரில் எதிலும் ஒத்துப்போகாத காலத்தில், இங்கே கள்ளுக்கடை விஷயத்தில் ஒரே பக்கம் நின்றார்கள்.

கிள்ளானில் இறங்கியதும் பயணிகளைக் கூட்டிப்போவது 1857-இல் கட்டிய ராஜா அப்துல்லா கிடங்குக்கும், கிள்ளான் போர்க் காலத்து ராஜா மஹ்டி கோட்டை வாசலுக்கும். ஈயத்துக்காக நடந்த சண்டையின் எச்சங்கள் அவை. பாருங்கள். பிறகு தெங்கு கிளானா சாலையில் மாலைக்கடைகளையும் மசாலாக் கடைகளையும் தாண்டி நடக்கும்போது 1941-ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவில் போர். ரப்பருக்கு நல்ல கிராக்கி. சீனத் தொழிலாளிக்குக் கிடைத்த கூலி தமிழனுக்குக் கிடைக்கவில்லை. நாதனும் தோழர்களும் நடத்திய கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் தோட்டம் தோட்டமாக ஆள் சேர்த்தது. காந்திக் குல்லாய் வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார்கள். குனிந்தே பழகியவர்கள் நிமிர்ந்து பேசியதுதான் துரைமாருக்குக் கூலியைவிடப் பெரிய பிரச்சினையாகப் பட்டது. மே மாதத் தொடக்கத்தில் நாதனைக் கைது செய்தார்கள். அவரை விடுதலை செய்யச் சொல்லித் தொழிலாளர்கள் திரண்டார்கள். வேலைநிறுத்தம் தோட்டத்துக்குத் தோட்டம் பரவியது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்து இந்தியப் படைவீரர்களை இறக்கினார்கள். இந்தியர் கையிலிருந்த துப்பாக்கி இந்தியத் தொழிலாளிகளைச் சுட்டது. ஐந்து பேர் இறந்தார்கள். நாதனை நாடு கடத்தினார்கள். அந்த டிசம்பரிலேயே ஜப்பானியர் வந்துவிட்டதால், வெள்ளைக்காரன் விட்டுப்போன கணக்கைக் கேட்க ஆளில்லாமல் போயிற்று.

கேள்வி மட்டும் ஓயவில்லை. 1947-இல் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளுக்கு முன்னால் மறியல் செய்து போலீஸிடம் அடிபட்டார்கள். கள்ளுக்கடை ஒழிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியவர்கள் சம்சு என்ற சாராயத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது என் எண்ணம். கள் மென்மையான பானம். மலிவாகக் காய்ச்சிய சம்சு ஆளையே கொல்லும். 1981-இல் கெடாவின் லுனாஸில் சம்சு குடித்துத் தமிழர் பலர் மாண்டார்கள். அந்தச் சாவுகளைப் பின்னணியாக வைத்து ம. நவீன் எழுதிய ‘பேய்ச்சி’ நாவல் 2019-இல் வந்தது. அடுத்த ஆண்டே உள்துறை அமைச்சு அதைத் தடை செய்தது. நாவலின் மொழி பிடிக்காதவர்கள் விமர்சனம் எழுதட்டும். ஒரு சமூகம் தன் சாவுகளைப் பற்றி எழுதியதைப் பூட்டி வைப்பது தவறு.

ருசி பார்க்காமல் எப்படி முடிப்பது என்று கேட்பீர்கள். சிலாங்கூர்க் கரையோரத்தில் உரிமத்தோடு கள் விற்பவர்கள் இன்னும் உண்டு. அன்று காலை இறக்கிய கள் கிடைத்தால் ஒரு மங்கு குடித்துப் பாருங்கள், வண்டி ஓட்டுவதாக இருந்தால் வேண்டாம். இனிப்பும் லேசான நுரையும் தென்னையின் வாசமும் இருக்கும். இவ்வளவு எளிய பானத்தைக் கொண்டு ஒரு தலைமுறையின் கூலியை எப்படிச் சுருட்டினார்கள் என்பது அந்த ஒரு மிடற்றில் விளங்கும். அதற்காகவே இந்த உலாவில் அதைக் கடைசியாக வைக்கிறேன்.

கிள்ளான் ஊருக்குள் நடந்தபோது 1941-ஐச் சொல்லும் கல்வெட்டு எதுவும் என் கண்ணில் படவில்லை. ஈயப் போருக்கு வாசல் இருக்கிறது, ரப்பர் போராட்டத்துக்கு ஒரு பலகையாவது வேண்டும். கிள்ளான் மாநகர் மன்றமும் நம் தமிழ் அமைப்புகளும் மனம் வைத்தால் இது பெரிய செலவில்லை. ஊரின் மொழிகளிலெல்லாம் எழுதட்டும்: கோரிக்கைகள் என்ன, எத்தனை பேர் இறந்தார்கள் என்று. அதற்கு முன் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தோட்டத்தில் பிறந்த தாத்தாவோ பாட்டியோ வீட்டில் இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து தோட்டத்தின் பெயரையும் கள்ளுக்கடை எந்த மூலையில் இருந்தது என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள்.