அருவிக்கு நாள் குறித்தல்

சவ்வாது மலையில் பிறந்து ஆரணியைத் தழுவிச் செல்லும் ஆற்றுக்குக் கமண்டல நாகநதி என்பது பெயர். கமண்டல நதியும் நாகநதியும் கூடியதால் அமைந்த பெயர் அது. முனிவரின் கமண்டலத்திலிருந்து பெருகிய நீர் என்பது இப்பகுதி மக்களின் நம்பிக்கை. ஜமதக்கினி முனிவரின் பத்தினியாகிய ரேணுகாதேவி ஆற்று மணலையே குடமாகப் பிடித்து நாள்தோறும் நீர் மொண்டு வந்ததையும், ஒரு நாள் மனம் சற்றே சலித்த கணத்தில் அக்குடம் உடைந்ததையும், அத்தேவியே மலையடிவாரப் படவேட்டில் ரேணுகாம்பாளாக எழுந்தருளியிருப்பதையும் ஆரணிப் பிள்ளைகள் இளமையிலேயே கேட்டு வளர்கிறார்கள். ஆரணியில் ஆற்றங்கரையில் புத்திரகாமேட்டீசுவரர் கோயில் கொண்டிருக்கிறார். தசரதர் மகப்பேறு வேண்டி வேள்வி செய்த தலம் என்று போற்றப்படுவது அது.

அந்தச் சந்நிதியில் ஒன்பது ஆண்டுகள் கண்ணீரோடு நின்றது ஒரு நெசவாளர் குடும்பம். பத்தாம் ஆண்டில் பேத்தி பிறந்தாள். அவள் பிறப்பதற்கு முன்பே பாட்டி ஒரு வேண்டுதல் செய்திருந்தார். குழந்தையைச் சவ்வாது மலை நீரில் நீராட்டி, அன்றே படவேட்டு அம்மன் சந்நிதியில் கிடத்தி எடுப்பதாக அந்த வேண்டுதல். அதை நிறைவேற்ற நாள் குறிப்பதில்தான் குடும்பத்தில் முதன்முறையாகக் கருத்து வேறுபாடு எழுந்தது.

சவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரை அடுத்த காட்டுக்குள் இருக்கிறது பீமன் அருவி. ஆரணியிலிருந்து போளூர் சென்று அங்கிருந்து மலைப்பாதையில் ஏற வேண்டும். மலைவாழ் மக்களின் சாமை வயல்களையும் கோமுட்டேரியையும் கடந்து, வண்டியை நிறுத்திவிட்டு, அருவிக்குக் கால்நடையாக இறங்க வேண்டும். மழைக்காலத்தில் பாறை நிறைந்து கொட்டும் அருவி, கோடையில் நூலிழையாய் மெலிந்துவிடும்.

தாத்தா ஐப்பசியையே விரும்பினார். அவர் சொன்ன காரணங்கள் தறிக்காரருக்கே உரியவை. ஐப்பசி, கார்த்திகையில் குழித்தறியில் ஈரம் ஏறும். தெருவில் பாவு நீட்ட முடியாது. ஈரக்காற்றில் ஜரிகை கறுக்கும். வேலை தானாகவே மந்தமாகும் காலம் அது. தை பிறந்துவிட்டால் முகூர்த்தப் புடவைகளுக்கு ஆள் நின்றுகொண்டிருப்பார்கள். அப்போது எங்கே போவது என்று கேட்டார்.

சொல்லாத காரணம் ஒன்றும் அவரிடம் இருந்தது. சிறுவயதில் அவர் நீந்திக் களித்த ஆறு இன்று ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கிறது. அந்த ஆறு பிறக்கும் மலையில், நீர் நிரம்பி ஓடும் பருவத்தில் பேத்தியை ஒருமுறை நனைத்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தறிக்குழியில் கால் தொங்கவிட்டு மிதித்த முழங்கால்கள் அவருடையவை. அடுத்த ஆண்டு மலை ஏற அவை இடந்தருமா என்பது அவருக்கே ஐயம்.

மருமகள் ஒப்பவில்லை. மாமனார் எதிரில் அதிர்ந்து பேசாதவர் அன்று தெளிவாகப் பேசினார். "மாமா, ஒன்பது வருஷம் காத்திருந்து பெத்த பிள்ளை. மழையில காட்டாத்துகிட்ட அவளைக் கொண்டுபோக எனக்கு மனசு வரல. கோவிச்சுக்காதீங்க."

கல்லூரியில் படிக்கும் உறவுப்பையன் ஒருவன் குற்றாலத்தை நினைவூட்டினான். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் பாய்ந்து, குளிக்க வந்த பதினேழு வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். மலைமேல் பெய்யும் மழை கீழே குளிப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெளிந்த நீர் சட்டென்று கலங்கினாலோ, இலையும் சருகும் மிதந்து வந்தாலோ, மேலே இரைச்சல் கூடினாலோ அக்கணமே கரையேறிவிட வேண்டும் என்பது மலையடிவார ஊர்களில் பெரியவர்கள் சொல்லித் தரும் பாடம். கைக்குழந்தையோடும் வலிக்கும் காலோடும் எத்தனை விரைவாகக் கரையேற முடியும்?

தாத்தா பதில் சொல்லவில்லை. இரண்டு நாள்கள் தறியோசை மட்டுமே வீட்டில் கேட்டது.

மூன்றாம் நாள் பாட்டி பேசினார். "வேண்டிக்கிட்டது நான். எந்த மாசம்னு அம்மன்கிட்ட நான் சொல்லல. அவ கொடுக்கிறதுக்கு ஒன்பது வருஷம் எடுத்துக்கிட்டா. நாம கொண்டுபோய்க் காட்ட மூணு மாசம் எடுத்துக்கக் கூடாதா? வேண்டுதல் அவளுக்கு. அவசரம் நமக்கு."

பெரியவர் தலை கவிழ்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பஞ்சாங்கத்தை எடுத்துவரச் சொன்னார்.

மழை ஓய்ந்த பிறகு என்று முடிவாகிவிட்டதால் தை மாதத்தை ஆராய்ந்தார்கள். காணும் பொங்கலன்று தறி ஓடாது. ஆனால் மலையெங்கும் கூட்டம் நெருக்கும். அமாவாசை வழக்கமாகவே நெசவாளர் தறிக்கு ஓய்வு கொடுக்கும் நாள். தை அமாவாசையாயின் முன்னோர் கடனும் உண்டு. விடியலில் ஆற்றங்கரையில் தர்ப்பணம் முடித்துப் புறப்பட்டால் உச்சி வெயிலுக்குள் அருவியை அடையலாம். மாலையில் இறங்கிப் படவேட்டில் அம்மனைத் தரிசிக்கலாம். முன்னோருக்கு நீர் வார்த்த கையால் அதே நாளில் பேத்திக்கும் நீர் வார்ப்பது என்று எண்ணியபோது, பெரியவரின் முகத்தில் இருந்த வருத்தம் மெல்லக் கரைந்தது. அருவி அப்போது மெலிந்திருக்கும். மெலிந்த நீரில் குழந்தை அஞ்சாது என்றார் மருமகள்.

எஞ்சியது ஒரு கேள்வி. தாத்தா அருவி வரை இறங்குவதா? தம்மைத் தூக்கிச் செல்ல ஆள் வேண்டாம் என்று அவரே தீர்த்துவைத்தார். வண்டி நிற்கும் இடத்தில் நிழல் பார்த்து அமர்ந்திருப்பார். பாட்டி ஒரு செம்பில் அருவி நீரைக் கொண்டுவருவார். அதைத் தம் கையால் பேத்தியின் தலையில் அவர் தெளிப்பார். அருவியின் கீழ் நின்று பார்க்க வேண்டும் என்று எண்ணியிருந்தவர், செம்பு நீரோடு மனநிறைவு கொள்ள இசைந்தார்.

ஏற்பாடுகள் எளியவை. தறியில் இருக்கும் இரண்டு புடவைகளையும் அமாவாசைக்கு முன்னரே அறுத்துக் கொடுத்துவிட வேண்டும். புளியோதரையும் தயிர்ச்சோறும் வாழையிலையில் கட்டிக்கொள்ள வேண்டும். நெகிழிப் பை கூடாது. அருவியில் எண்ணெய், சீயக்காய், சோப்பு எதுவும் வேண்டாம். உடுத்திய துணியை நீரில் விட்டுவரும் வழக்கமும் வேண்டாம். அந்த நீரைத்தான் கீழே உள்ள ஊர்கள் குடிக்கின்றன. முதல் நாளே மலையில் மழை உண்டா, வனத்துறை அருவிக்குச் செல்ல விடுகிறதா என்று கேட்டறிய வேண்டும். தடை இருந்தால், மாசி அமாவாசை. மாசியிலும் இயலாவிட்டால் படவேட்டிலேயே மலையிறங்கி வரும் கமண்டல நதியின் நீர் உண்டு.

இறுதியாகச் சொன்னதையும் சேர்த்து எழுதச் சொன்னவர் தாத்தாவே. நாகநதியை மீட்கப் பல்லாயிரம் பெண்கள் நூறு நாள் வேலையில் மீள்நிரப்புக் கிணறுகள் வெட்டியதை அவர் அறிவார். நிலத்துக்குள் இறங்கிய நீர் கிணற்றில் ஊறி வரப் பருவங்கள் ஆகும் என்பதையும் அறிவார். வேண்டுதலுக்கும் அத்தகைய பொறுமை உண்டு. பெற்ற வரத்தைப் பத்திரமாகக் காப்பதும் வழிபாட்டின் ஒரு பகுதியே. ரேணுகாதேவியின் மணற்குடம் மனம் ஒருமித்திருந்த வரையில் ஒரு துளியும் சிந்தவில்லை. ஒருமித்த மனத்தோடு ஒரு குடும்பம் குறித்த நாளை, அருளே உருவான அந்த அன்னை ஏற்றுக்கொள்ளாமல் இருப்பாளா?