கம்பியில் கட்டிய தோணி

தூத்துக்குடியில் என் மாமாவின் ரேடியோ கடைக்குள் நுழையும் முன்பே மூன்று வாசனைகள் ஒன்றாக வந்து முகத்தில் மோதும். பக்கத்து பேக்கரியில் முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் சீனியும் சேர்ந்து மக்ரூனாக வேகிற வாசனை, தெருக்கோடியிலிருந்து வரும் உப்புக் காத்தின் வாசனை, இரண்டுக்கும் அடியில், சாம்பிராணி போட்ட வீடு மாதிரி, சால்டரிங் பேஸ்ட் புகைகிற வாசனை. பள்ளிக்கூடம் விட்டதும் பையைக்கூட இறக்காமல் நேரே அங்கேதான் போவேன். மாமா தலை நிமிராமலே “வா மருமவளே, அந்தப் பேனைச் சுத்தி விடு, புகை கண்ணுக்குள்ள போவுது” என்பார். மேசை விசிறி கரகரத்துக்கொண்டு திரும்பும். மேலே, ஆணியில் தொங்கும் ரேடியோவில் ஏதோ ஒரு பாட்டு கொழும்பிலிருந்து கடல் தாண்டி வந்து, இரைச்சலுக்குள் முங்கி முங்கி எழும்.

அந்தக் கடையில் எனக்கென்று ஒரு வேலை இருந்தது. செத்துப்போன செட்டுகளிலிருந்து கழற்றிய ரெசிஸ்டர்களை நிறம் பார்த்துப் பிரித்து, பழைய தீப்பெட்டிகளில் போட வேண்டும். கறுப்பு பூஜ்யம், பழுப்பு ஒண்ணு, சிவப்பு ரெண்டு, ஆரஞ்சு மூணு என்று வாய்ப்பாடு போலச் சொல்லிக்கொண்டே அடுக்குவேன். வால்வு ரேடியோ ஒன்று ரிப்பேருக்கு வந்துவிட்டால் கொண்டாட்டம். அதைக் குப்புறப் போட்டு அடித்தகட்டைத் திறந்தால், போர்டு என்று எதுவும் இருக்காது. டேக் ஸ்ட்ரிப் கொக்கிகளிலிருந்து வால்வு சாக்கெட்டுக்கும், அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்கும் பாகங்கள் தங்கள் சொந்தக் காலிலேயே நடந்து போயிருக்கும். மாமா தொழில் பழகியது அந்தக் காட்டுக்குள்தான். பென்சில் முனையால் தொட்டுத் தொட்டு, “இங்க உள்ள வருது, இதுல ஏறுது, இந்தா இதுல இறங்குது” என்று எனக்குக் காட்டுவார். பிற்பாடு வந்த டிரான்சிஸ்டர் செட்டுகளின் பச்சைப் போர்டில் வழியெல்லாம் அடிப்பக்கம் ஒளிந்துகொண்டது அவருக்குக் கடைசிவரை பிடிக்கவே இல்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். ஊரில் மெல்லிசைக் குழுக்கள் நிறைய இருந்தன. கல்யாணம், கோயில் கொடை, மாதா கோயில் திருநாள் எதுவானாலும் மேடையில் அகுஜா ஆம்ப்ளிஃபயரும் இரண்டு கிட்டாரும் இருக்கும். அப்படி ஒரு குழுவில் வாசித்த அண்ணன் ஒருவர், தொளதொள பேன்ட், நெற்றியில் விழுகிற முடி, விரல் நுனியெல்லாம் காய்ப்பு, கப்பலில் வேலை பார்த்த தன் உறவுக்காரர் கொண்டுவந்ததென்று ஒரு வட்டமான சிவப்பு இரும்புச் சாமானைக் கொண்டுவந்தார். நடுவில் மிதிக்கிற சுவிட்ச், கண்கள் மாதிரி இரண்டு திருகு. ஃபஸ் ஃபேஸ் என்று பேர் போட்டிருந்தது. லண்டனில் ஆர்பிட்டர் கம்பெனி 1966-இல் கொண்டுவந்த பெடல் அது. மைக் ஸ்டாண்டின் வட்ட அடித்தட்டைப் பார்த்துத்தான் அந்த உருவத்துக்கு யோசனை வந்ததாம். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் காலடியில் கிடந்தது அதுதான் என்று அண்ணன் சொன்னபோது, அவர் சொல்கிற தோரணையிலேயே அந்த ஹெண்ட்ரிக்ஸ் பெரிய ஆள் என்று எனக்கு விளங்கிவிட்டது.

மாமா அடிமூடியைக் கழற்றினார். உள்ளே உள்ளங்கையில் பாதிகூட இல்லாத ஒரு போர்டு. இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கப்பாசிட்டர். திருகுகள் இரண்டையும் சேர்த்தால் மொத்தம் பதினொன்று. “இம்புட்டுத்தானா?” என்றார் மாமா. அப்புறம் கிட்டாரைச் செருகி அண்ணன் ஒரே ஒரு தந்தியை இழுத்து மிதித்தார். அந்தச் சத்தம்! தேனடையை உடைத்த நொடியின் ரீங்காரம் கடை முழுக்க நிரம்பியது. பக்கத்து பேக்கரிக்காரர் மாவுக் கையோடு எட்டிப் பார்த்தார். கிட்டாரிலிருந்து வருகிற சின்ன அலையை முதல் டிரான்சிஸ்டர் பெரிதாக்கிக் கொடுக்க, இரண்டாவது அதை இன்னும் பெரிதாக்கப் பார்க்கிறது. பேட்டரி தருவது ஒன்பது வோல்ட்தான், அதைத் தாண்டி வளர இடமில்லை. அதனால் அலையின் தலையும் அடியும் தட்டையாக வெட்டுப்படுகின்றன. அந்த வெட்டுதான் ரீங்காரம். இதை மாமா ஒரு சிலேட்டில் மலை மலையாக வரைந்து, உச்சிகளை எச்சில் விரலால் அழித்துக் காட்டினார். இந்தச் சத்தமே முதலில் ஒரு கோளாறிலிருந்து பிறந்தது என்பதைப் பெரியவளான பிறகு படித்தேன். 1961-இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் பாட்டு ஒன்றை நாஷ்வில்லில் பதிவு செய்யும்போது மிக்ஸரில் ஏதோ பழுதாகி, பேஸ் கிட்டார் உறுமியிருக்கிறது. அது நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள். இன்ஜினியர் கிளென் ஸ்னாடி அந்த உறுமலையே டிரான்சிஸ்டர்களில் வரவழைத்தார். 1962-இல் அது மேஸ்ட்ரோ பெடலாகக் கடைக்கு வந்தது.

“எனக்கும் ஒண்ணு செஞ்சு தாங்கண்ணே, இதை அவரு திரும்ப வாங்கிருவாரு” என்றார் கிட்டார் அண்ணன். செய்கிறதென்றால் போர்டு வேண்டும், செப்புத் தகட்டை அரிக்க ஃபெரிக் குளோரைடு வேண்டும், அதற்கு மெட்ராஸ் ரிச்சி தெருவுக்கு ஆள் போக வேண்டும். மாமா கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். சாயங்காலம் என்னை சைக்கிள் பாரில் உட்காரவைத்துப் பழைய துறைமுகத்துக்குக் கூட்டிப் போனார். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகிற தோணிகள் வரிசையாக நின்றன. ஒரு தோணியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், “இதுக்கு எதுக்குப் போர்டு? நேராக் கட்டிருவோம் மருமவளே” என்றார்.

அன்று ராத்திரியே ஒரு பலகையில் தோணியை வரைந்தார். எனக்கு இன்றும் மனப்பாடம். கீழே தடித்த செம்புக் கம்பி ஒன்று, அதுதான் ஏரா, பேட்டரியின் பாசிட்டிவ். இதில் போட்ட ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் பி.என்.பி. வகை என்பதால் எர்த்தும் அதுவே. உச்சியில் மெல்லிய கம்பி, நெகட்டிவ். இடையில் இரண்டு பாய்மரம். முதல் மரம் முப்பத்து மூன்று கிலோ ஓம், ஆரஞ்சு ஆரஞ்சு ஆரஞ்சு. இரண்டாவது மரம் இரண்டு துண்டு: கீழே எட்டு புள்ளி இரண்டு கிலோ, மேலே நானூற்றெழுபது ஓம். அந்த இரண்டும் சேருகிற மூட்டிலிருந்துதான் சத்தம் வெளியே போகிறது. பின்பக்கத்து டிரான்சிஸ்டரின் எமிட்டரிலிருந்து முன்பக்கத்து பேஸுக்கு, பாயை இழுத்துக் கட்டிய கயிறாக, நூறு கிலோ ஓம் ஒன்று சாய்ந்து வரும். உருண்டைக் கப்பாசிட்டர்கள் தளத்துப் பீப்பாய்கள். அழகுக்காக ஒரு பாகம்கூட அவர் சேர்க்கவில்லை. ஓடுகிற கரன்ட்டுக்கு என்ன தேவையோ அதுவேதான் தோணியாக நின்றது. பெரிய மரத்துக்கு ஊதா நிற ரெசிஸ்டர்தான் வேண்டுமென்று நான் பிடிவாதம் பிடித்தேன். “நெறத்த மாத்துனா சத்தம் மாறிரும்லா” என்று நானூற்றெழுபதை எடுத்துக் காட்டினார்: மஞ்சள், ஊதா, பழுப்பு. “பாரு, ஒனக்குன்னே ஊதா இருக்குல்லா.” எனக்குப் பரம திருப்தி.

கம்பியை நிமிர்த்துகிறதே ஒரு கலை. ஒரு முனையை வைஸில் கடிக்கவைத்து, மறுமுனையைக் கட்டிங் பிளேயரால் பிடித்து, மெதுவாக இழுக்க வேண்டும். சட்டென்று கை லேசாக முன்னே நகரும், கம்பி ஒரு மயிரிழை நீண்டிருக்கும். அந்த நொடியில் அதிலிருந்த அத்தனை நெளிவும் போய்விடும். அந்த நகர்வை உணர்கிறதற்காக என் கையைத் தன் கைமேல் வைத்துக்கொள்ளச் சொல்வார். ரெசிஸ்டர் காலை நகத்தால் மடக்கக் கூடாது, அத்தையின் பின்னல் ஊசியைச் சுற்றித்தான் வளைக்க வேண்டும், அப்போதுதான் எல்லா வளைவும் ஒரே வட்டமாக வரும். பலகையில் வரைந்த கோட்டின் இருபுறமும் குண்டூசி அடித்து, கம்பிகளை அதற்குள் படுக்கவைத்து, மூட்டு மூட்டாகப் பற்றவைப்பார். ஈயத்தை அயன்மேல் தேய்க்கக் கூடாது, மூட்டைச் சூடாக்கி அதன்மேல் காட்ட வேண்டும். பளபளவென்று ஓடி இறங்கினால் நல்ல மூட்டு. ஆறும்போது அசைந்து சாம்பல் பூத்தால் அது வேஸ்ட், பிரித்துவிட்டு முதலிலிருந்து.

டிரான்சிஸ்டருக்கு மட்டும் தனி மரியாதை. பெங்களூரு பெல் கம்பெனியின் ஏசி 128, குட்டித் தகர டப்பா. பழைய ரேடியோ செட்டுகளில் ஸ்பீக்கர் பக்கம் ஜோடியாக இருக்கும். ஜெர்மானியம் சூடு தாங்காது. ஆகவே மாமா பற்றவைக்கிறபோது, அதன் காலை நான் மூக்குப் பிளேயரால் பிடித்திருக்க வேண்டும். மேலே ஏறுகிற சூட்டை இரும்பு குடித்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். என் கட்டை விரலுக்கும் அந்தத் தகர டப்பாவுக்கும் இடையில்தான் உலகமே இருந்தது. ஒரே பேர் போட்டிருந்தாலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி பெருக்கும். அடக்கமானதை முன்னால் வைத்து, முரட்டு ஆளைப் பின்னால் வைத்து, காதால் கேட்டுத்தான் பொறுக்குவார். பின் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் முள் மீட்டர் நாலரை வோல்ட் காட்டும்வரை எட்டு புள்ளி இரண்டை எடுத்து வேறு வேறு மதிப்பு போட்டுப் பார்ப்பார். ஒன்பதில் சரிபாதி வந்தால்தான் அலையின் தலையும் அடியும் பக்கம் பார்க்காமல் வெட்டுப்படும்.

உப்புக் காத்து ஊரில் செம்பை ஒரு மாதத்தில் பச்சையாக்கிவிடும். அதற்கு அத்தையின் நிறமில்லாத க்யூடெக்ஸ் வந்தது. தோணி முழுக்க நகப்பூச்சுப் பூசிய பெருமை எனக்குரியது. திறந்த கம்பி என்பதால் ஒரு சாயங்காலம் கிட்டாருக்கு நடுவே ரேடியோவின் விவசாயச் செய்தி தெளிவாகக் கேட்டது. மாமா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ஆச்சியின் பித்தளை மாவுச் சல்லடை வலையை வெட்டிக் கூண்டு கட்டி, அதை எர்த்தோடு சேர்த்தார். செய்தி நின்றது, தோணியும் வலை வழியாகத் தெரிந்தது. மிதிக்கிறதற்குப் பழைய லாரியில் ஹெட்லைட்டைத் தாழ்த்தக் காலால் அழுத்துகிற டிப் சுவிட்ச், அடியில் கனமான இரும்புத் தட்டு. ஆச்சிக்குப் புதுச் சல்லடை வாங்கிக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜூலை 26-இல் பனிமய மாதா கோயிலில் கொடியேறி, ஆகஸ்ட் 5 வரை ஊரே விழித்திருக்கும். அண்ணன் குழுவின் கச்சேரி அந்த நாட்களில் ஒன்றில். பகல் வெக்கையில் ஜெர்மானியத்தின் கசிவு கூடிச் சத்தம் இருமும் என்பதால், பொழுது சாய்கிறவரை பெடலை மேடைக்குப் பின்னால் தண்ணீர்ப் பானை நிழலில் வைத்திருந்தோம். காவல் நான். ராத்திரி, கூட்டத்தில் சுண்டல் வாசனையும் மல்லிகையும் கலந்த நேரம், அண்ணன் காலை வைத்தார். அந்த ரீங்காரம் கோபுரத்தில் மோதித் திரும்பி வந்தது. விசில் பறந்தது. கிட்டாரின் வால்யூமைக் கொஞ்சம் குறைத்தார், பெடலை அணைக்காமலே சத்தம் தெளிந்து மணி மாதிரி ஆனது. கூட்டினார், மறுபடி உறுமியது. மாமா மேடையைப் பார்க்கவில்லை, வலைக்குள் நின்ற தோணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை அப்படி நான் வேறெப்போதும் பார்த்ததில்லை.

ஜெர்மனியில் பீட்டர் ஃபோகல் என்றொரு கலைஞர் இப்படியே வெறும் கம்பியும் டிரான்சிஸ்டருமாகச் சிற்பங்கள் கட்டினார். ஆள் நிழல் விழுந்தால் அவை பாடும். அவற்றின் படங்களை முதன்முதலில் பார்த்த அன்று, முகம் தெரியாத அந்த மனிதர் எனக்குச் சொந்தக்காரராகவே தோன்றினார். மாமாவுக்கு அந்தப் பேர் தெரியாது. கண்ணுக்குத் தெரிகிற வழியில் சத்தம் போக வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்குத் தெரியும்.

திருநாள் முடிந்த வாரம் இன்னொரு குழுவின் கிட்டார்காரர் கடைக்கு வந்தார். தோணி வேண்டாம், தனக்குத் தேராகக் கட்டித் தர வேண்டும் என்றார். மாமா ஒன்றும் பேசாமல் பலகையைத் திருப்பிப் போட்டார், சுண்ணாம்புக் கட்டியைத் தேடினார். பிறகு என்னைப் பார்த்து, “மருமவளே, சிவன் கோயில் வரைக்கும் ஓடிப் போயி, நிக்கிற தேருல சக்கரம் எங்கன இருக்கு, தட்டு எத்தனைன்னு நல்லாப் பாத்துட்டு வா. பாகம் பதினொண்ணுதான், அதுக்குள்ள அடங்கணும்” என்றார். நான் அதற்குள் தெருவில் இறங்கியிருந்தேன்.