கோணல் கிண்ணம்

வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் பேருந்து, கொடைக்கானலை எட்டுமுன் பெருமாள்மலையில் நிற்கும். இயேசு சபைக் குரு அமா சாமி அவர்கள் 1996இல் நிறுவிய போதி சென்டோ என்னும் தியான இல்லம் அங்குள்ளது. ஜப்பானில் யமதா கோவுன் என்னும் ஜென் ஆசானிடம் பயின்றவர் அவர்.

அங்கே தங்கியிருந்த என் குருமடத் தோழரைக் காணச் சென்றிருந்தேன். ஜப்பானிய நண்பர் தமக்களித்த தேநீர்க் கிண்ணம் ஒன்றை அவர் என்னிடம் நீட்டினார். கன்னங்கரேல் என்றிருந்தது, விளிம்போ மேடும் பள்ளமும். "சூளையில் கெட்டுவிட்டதோ?" என்றேன். தோழர் நகைத்து, "கண்ணை மூடிக்கொண்டு இரு கைகளாலும் ஏந்திப் பாரும்" என்றார்.

ஏந்தினேன். பார்வைக்குக் கனத்தது, கைக்கு இலேசாயிருந்தது. வனைந்தவரின் விரல் அழுந்திய குழிவில் என் விரலும் சென்று அமர்ந்தது. மேற்பூச்சு நாரத்தைத் தோலைப்போல் சொரசொரத்தது. அடிவளையத்தில் மட்டும் பூச்சின்றி வெறும் மண். தேநீர் ஊற்றியபின்னும் கை சுடவில்லை. அதிகம் வேகாத, நுண்துளைகள் நிறைந்த மண் வெப்பத்தை மெல்லத்தான் வெளிவிடும். பிடி எதற்கு?

இவ்வகைக் கிண்ணத்தைச் சக்கரமின்றிக் கையாலேயே உருவாக்கிக் கத்தியால் செதுக்குவர். பதினாறாம் நூற்றாண்டில் கியோட்டோ நகரில் சோஜிரோ என்பவர், தேநீர்க்கலை ஆசான் ரிக்கியூவுக்காக (1522–1591) வனைந்தவை இவற்றின் முன்னோடிகள். ரிக்கியூவின் சீடருள் ஒருவரே, விசுவாசத்திற்காகச் சிற்றரசைத் துறந்து 1615இல் மணிலாவில் மரித்த தக்கயாமா உக்கோன். 2017இல் திருச்சபை அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தது.

நம் பழனிமலைக்கும் மட்கலம் புதிதன்று. தாண்டிக்குடியிலும் அடிவாரத்துப் பொருந்தலிலும் பெருங்கற்காலக் கல்லறைகள் அகழப்பட்டுள்ளன. அக்காலத்துக் கிண்ணங்கள் உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. கவிழ்த்து வைத்துச் சுட்டதால் காற்றுப்படாத உட்புறம் கறுத்ததென்பர்.

கிண்ணம் கையிலிருக்கையில் பழைய நிகழ்ச்சியொன்று நெஞ்சைக் குத்தியது. முன்பு நான் பணியாற்றிய பங்கில், திருவிழாவுக்கு அகல்விளக்குகள் கொணர்ந்த குயவரிடம், கோணலென்று சொல்லிப் பாதியைத் திருப்பியனுப்பினேன். அவற்றுக்குக் காசும் தரவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் கூடையைச் சுமந்து சென்றார்.

மலையிறங்கிய வாரமே அவ்வூருக்குப் போனேன். குயவர் காலமாகியிருந்தார், மகன் திருப்பூரில் பனியன் வேலையில் இருக்கிறாராம். அவர் மனைவியிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த விளக்குகளா சாமி? அடுத்த சந்தையிலேயே வித்துப்போச்சே!" என்றார் அம்மூதாட்டி.