சாகரிகா ஏன் பெயர் சொல்லவில்லை?

“அக்கா, இது காதல் கதையோ?”

முன்வரிசையில் இருந்த தங்கச்சி ஒருத்தி இப்படிக் கேட்டதும் வாசலில் நின்ற வாசிகசாலைத் தலைவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் நாலு பேரும் ஆளையாள் பார்த்துக்கொண்டோம். அவரிடம் அனுமதி கேட்கப் போனபோது, “பழைய வடமொழி நாடகம் ஒண்டு, எங்கட பக்கத்துப் பேராசிரியர் தமிழாக்கினது, நாடகமும் அரங்கியலும் படிக்கிற பிள்ளையளுக்குப் பிரயோசனப்படும்” என்று மட்டும் சொல்லியிருந்தோம். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. காதல் என்ற சொல்லைத்தான் விட்டுவிட்டோம்.

“ஓம், காதல் கதைதான். நல்ல பகிடியும் இருக்கு” என்று எங்களில் ஒருத்தி துணிந்து சொன்னாள். தலைவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் போகவும் இல்லை. கதிரை ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு பின்னுக்கு இருந்துவிட்டார்.

நாடகம், ஹர்ஷனின் ‘இரத்தினாவளி’. 7ஆம் நூற்றாண்டில் வட இந்தியாவை ஆண்ட அரசனின் பெயரில் வழங்குவது. நாலே நாலு அங்கம். புலோலியில் பிறந்த பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை இதை ‘மாணிக்கமாலை’ என்று தமிழாக்கி 1952இல் வெளியிட்டார். கலைப்பீடத்தில் எங்களுக்கு அவரைத் தெரிந்தது ‘சங்கிலி’யாலும் ‘நானாடக’த்தாலும்தான். 1940இல் வந்த நானாடகத்தில் யாழ்ப்பாணத்துச் சனம் வீட்டில் கதைக்கிற தமிழையே மேடைக்குக் கொண்டுவந்தவர் என்று சோதினைக்கு எழுதியிருக்கிறோம். ‘உடையார் மிடுக்கு’, ‘முருகன் திருகுதாளம்’ என்ற தலைப்புகளைக் கேட்டாலே சிரிப்பு வரும். மாணிக்கமாலைக்கு எங்கள் கொப்பிகளில் ஒரு வரிதான் இருந்தது: ‘இரத்தினாவளியின் தமிழாக்கம்’. அந்த ஒரு வரிக்குப் பின்னால் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கதாநாயகி எங்கள் தீவுக்காரி. சிங்கள தேசத்து அரசன் விக்கிரமபாகுவின் மகள்.

இதைப் பருத்தித்துறைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று நாங்கள் நினைத்ததற்கு அதுமட்டும் காரணமில்லை. பள்ளிக்கூட மேடையில் நாங்கள் நடித்த நாடகங்களை எண்ணிப் பார்த்தோம். குடிகார அப்பா, சீதனம், வெளிநாட்டு மோகம், கடைசியில் ஓர் அறிவுரை. எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் செத்திருப்பார், அல்லது அழுதிருப்பார். போட்டிக்கு அதுதான் புள்ளி எடுக்கும். கோயிலடியில் விடிய விடியப் பார்த்த காத்தவராயன் கூத்திலும் காதல் காத்தானைக் கழுமரத்தடிக்குத்தான் கொண்டுபோகிறது. மேடையில் காதலைப் பார்த்துச் சிரிக்க எங்களுக்கு யாரும் காட்டித் தரவில்லை. அதைச் சினிமாவிடம் விட்டுவிட்டோம்.

சரி, கதைக்கு வருவோம். இரத்தினாவளியை மணப்பவன் பேரரசன் ஆவான் என்று ஒரு முனிவர் வாக்கு. கௌசாம்பி அரசன் உதயணனின் அமைச்சர் யௌகந்தராயணர் பெண் கேட்டு ஆள் அனுப்புகிறார். விக்கிரமபாகுவுக்கு மனமில்லை, ஏனென்றால் உதயணனின் மனைவி வாசவதத்தை அவருடைய மருமகள். உடனே அமைச்சர் ‘வாசவதத்தை தீயில் செத்துப்போனா’ என்று ஒரு வதந்தியைப் பரப்புகிறார். அதை நம்பி மகளைக் கப்பலேற்றுகிறார் தகப்பன். கப்பல் உடைகிறது. பலகை ஒன்றைப் பிடித்தபடி மிதந்த பிள்ளையைக் கௌசாம்பி வணிகன் ஒருவன் காப்பாற்றுகிறான். கழுத்தில் கிடந்த மணிமாலையைக் கண்டு ஆளை அறிந்து அமைச்சரிடம் கொண்டுவந்து விடுகிறான். அமைச்சரோ உண்மையை மறைத்து, அவளை வாசவதத்தையிடமே பணிப்பெண்ணாகச் சேர்த்துவிடுகிறார். கடலில் இருந்து வந்தவள் என்பதால் சாகரிகா என்று பெயர்.

இதுவரைக்கும் பிள்ளைகள் மரியாதைக்குத்தான் கேட்டார்கள். இரண்டாம் அங்கத்தில் உசாராகிவிட்டார்கள். இந்த வடிவான பெட்டை அரசன் கண்ணில் படக்கூடாது என்று நினைக்கிற அரசி, “நீ போய் மைனாவைப் பார்” என்று அனுப்பிவிடுகிறாள். சாகரிகா வாழைத் தோட்டத்தில் இருந்து அரசனின் படத்தைக் கீறுகிறாள். தோழி சுசங்கதை அதைக் கண்டு, பக்கத்தில் சாகரிகாவையும் கீறிவிடுகிறாள். மனதில் கிடந்ததெல்லாம் வெளியே வருகிறது. அந்த நேரம் பார்த்துக் குரங்கொன்று லாயத்தில் இருந்து சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிவர, பெட்டைகள் இரண்டும் படத்தைப் போட்டுவிட்டு ஓட, கூட்டைவிட்டுப் பறந்த மைனா மகிழமரத்தில் இருந்து அவர்கள் கதைத்த அவ்வளவையும் ஒரு சொல் விடாமல் ஒப்பிக்கிறது. கீழே நிற்பது அரசனும் அவன் கூட்டாளி வசந்தகனும். வசந்தகன் மரத்தில் பேய் என்று நடுங்குகிறான்.

“வொயிஸ் மெசேஜ் மாறிப் போட்டுது!” என்றான் ஒரு தம்பி. வாசிகசாலையே அதிர்ந்தது. பின்னால் இருந்தும் ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. நாங்கள் மரியாதைக்குத் திரும்பிப் பார்க்கவில்லை. அரசி காவலுக்கு என்று கொடுத்த மைனாவே காட்டிக்கொடுக்கிறதென்று நாங்கள் விளக்க வாயெடுக்க முதல் அவர்களே பிடித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு படம் அரசியின் கையில் சிக்குகிறது. சந்தோசத்தில் கையைத் தூக்கி ஆடிய வசந்தகனின் கக்கத்தில் இருந்து விழுந்ததுதான். அவள் சண்டை பிடிக்கவில்லை. இந்தப் படத்தைப் பார்க்கத் தலையிடிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள்.

மூன்றாம் அங்கத்தில்தான் ஆள்மாறாட்டம். சாகரிகா அரசியின் உடுப்பில் வந்து அரசனைச் சந்திப்பதாகத் திட்டம். விசயம் கசிந்து உண்மையான அரசியே முதலில் வந்துவிட, இருட்டில் அரசன் தன் மனைவியைச் சாகரிகா என்று நினைத்துக் காதல் பேசுகிறான். முக்காட்டை விலக்கினால் வாசவதத்தை! பிறகு சாகரிகா மனமுடைந்து கொடியில் கழுத்தைக் கொடுக்கப் போக, அவளை அரசி என்று நினைத்து ஓடிப்போய்க் காப்பாற்றுகிறான். இந்த இடத்தை நாங்கள் மெதுவாகக் கடந்தோம். சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் ஒரு கணம் அடங்கினார்கள்.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. “அண்ணா, அவ இளவரசிதானே. முதல் நாளே நான் இன்னார் எண்டு சொல்லியிருந்தா இவ்வளவும் நடக்காதே. ஏன் சொல்லேல்லை?”

எங்களிடம் ஒரு பதில் இருந்தது. சொல்லிவிட்டால் நாடகம் இல்லை என்ற கம்பஸ் பதில். அதை எடுத்துவிட முதல் இன்னொருத்தி சொன்னாள்: “சொன்னா ஆர் நம்புவினம்? அவவிட்ட ஐசி இருக்கோ?” எல்லாரும் சிரித்தார்கள். கடற்கரைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவள் எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை, மேசையைப் பார்த்துச் சொன்னாள். “எங்கட அப்பப்பா போட் கவிண்டு ஒரு இரவு முழுக்கத் தண்ணிக்குள்ள கிடந்தவர். கரைக்கு வந்து ரெண்டு நாள் ஆரோடயும் கதைக்கேல்லையாம். பேர் கேட்டும் சொல்லேல்லையாம்.”

இந்த நாடகம் பற்றி நாங்கள் வாசித்தவற்றில் உவமை இருந்தது, சந்தி இருந்தது, சுவை இருந்தது. கப்பல் உடைந்து பிழைத்த பிள்ளைக்கு வாய் வராது என்பது இருக்கவில்லை. எழுதிய கையோடு ஹர்ஷன் அதை நினைத்தானோ தெரியாது. இனி நாங்கள் சாகரிகாவை வேறு மாதிரி வாசிக்க முடியாது.

நாலாம் அங்கத்தில் மந்திரவாதி ஒருவனின் மாயத்தீ, விலங்கோடு கிடந்த சாகரிகாவை அரசன் தூக்கி வருவது, மாலையையும் முகத்தையும் கண்டு சிங்கள தேசத்து அமைச்சர் வசுபூதி அடையாளம் காண்பது. மாலைதான் ஐசி. வாசவதத்தை ஓடிவந்து கட்டிப்பிடிக்கிறாள். தன் நகைகளைக் கழற்றி அவளுக்குப் பூட்டி, அரசனிடம் கையைப் பிடித்துக் கொடுக்கிறாள். சுபம்.

யாரும் கை தட்டவில்லை.

“மாமான்ர மகள் எண்டால் மச்சாள்தானே. மச்சாளைத் தன்ர மனிசனுக்குக் கட்டிக் குடுக்கிறதோ?”

“அந்தக் காலம் அப்பிடியடி.”

“அந்தக் காலத்திலயும் அவவுக்குத் தலையிடி வந்ததுதானே?”

இதற்கு எங்களிடம் கம்பஸ் பதிலும் இருக்கவில்லை. தமிழிலும் இந்தக் கதை இப்படித்தான் போகிறது என்றோம். உ. வே. சாமிநாதையர் 1924இல் பதிப்பித்த ‘பெருங்கதை’யில், கொங்குவேளிர் மானனீகை என்ற கோசல இளவரசியை இதே வாசவதத்தையின் பணிப்பெண்ணாக வைக்கிறார். களவுக் காதல் தெரிந்ததும் அவள் கூந்தலை அறுக்கச் சொல்கிறாள் அரசி. பிறகு பார்த்தால் தங்கை முறை. அங்கேயும் கலியாணம்தான். “அப்ப ரெண்டு இடத்திலயும் அவவிட்ட ஒருத்தரும் கேக்கேல்லை” என்றாள் தலையிடிக்காரி. வீட்டுக்குப் போகும் வழியில் நாங்கள் நாலு பேரும் இதைப் பற்றி ஓடக்கரை மட்டும் சண்டை பிடித்தோம். எங்களில் இரண்டு பேருக்கு முடிவு பிழை. ஒருத்தருக்கு, தலையிடியை எழுதிய கைக்கு முடிவின் வலியும் தெரிந்திருக்கும் என்று படுகிறது. மற்றவருக்குத் தட்டைவடை வாங்க வேண்டும்.

1858இல் கல்கத்தாவில் இரத்தினாவளி வங்காளத்தில் மேடையேறியபோது, அதை ஆங்கிலமாக்கிக் கொடுத்த மைக்கல் மதுசூதன் தத் அந்த வேலையோடுதான் தானும் நாடகம் எழுதத் தொடங்கினார். எங்கள் பிள்ளைகளும் வசனத்தை மாற்றத் தொடங்கிவிட்டார்கள். கடைசிக் காட்சியில் வாசவதத்தை கையைப் பிடித்துக் கொடுக்க முதல் என்ன சொல்வாள் என்று ஆளுக்கொரு வரி எழுதிக்கொண்டு வரும்படி அவர்களே ஒருவருக்கொருவர் வீட்டுவேலை கொடுத்துக்கொண்டார்கள்.

கதவைப் பூட்டும்போது தலைவர் கேட்டார்: “தம்பியவை, மற்றக் கிழமையும் அந்த மைனாக் காட்சி வருமோ?”

வரும். இந்த முறை பாத்திரம் பிரித்து வாசிப்பு. சாகரிகாவுக்கு அப்பப்பாவின் பேத்தி பெயர் கொடுத்திருக்கிறாள். வாசவதத்தைக்கு மூன்று பேர் அடிபடுகினம். மைனாவுக்கு ஐந்து பேர். உதயணனுக்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கேல்லை.